கடலோர வீட்டுக்குச் சங்கங்குப்பி உயிர்வேலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் தெற்கே பெசன்ட் நகர், திருவான்மியூர் தொடங்கி நீலாங்கரை, முட்டுக்காடு வரை, வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் வரை, கடலை ஒட்டி வீடு கட்டியவர்களிடம் தோட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது ஒரே புகார்தான். எதை வைத்தாலும் கருகிவிடுகிறது. போர் தண்ணீர் உப்பு, காற்றும் உப்பு, மண் வெறும் மணல். இந்த மூன்றையும் தாங்கி, வருடம் முழுக்கப் பச்சையாக நின்று, சுவர் போல மறைத்துக் கொடுக்கும் நம் ஊர்ப் புதர்ச்செடி சங்கங்குப்பி. அதை வீட்டில் வளர்ப்பது பற்றி அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும் கீழே.

சங்கங்குப்பி என்றால் எது? நான் பார்த்திருப்பேனா?

கட்டாயம் பார்த்திருப்பீர்கள். சென்னையில் பழைய பூங்காக்களிலும் கல்லூரி வளாகங்களிலும் இடுப்பளவு உயரத்தில் நறுக்கென்று வெட்டிவிட்ட கரும்பச்சை வேலிகளில் பல இந்தச் செடிதான். பூங்காவில் இரும்புக் கம்பியில் யானை, ஒட்டகச்சிவிங்கி எனச் சட்டம் கட்டி, அதன்மேல் ஏற்றிவிட்டு வெட்டி வைத்திருப்பார்களே, அதற்கும் பெரும்பாலும் இதையே பயன்படுத்துகிறார்கள்.

வெட்டாமல் விட்டால் கதை வேறு. 10 அடி உயரம் சாதாரணமாகப் போகும். கிளைகள் வளைந்து நாலாபுறமும் சாயும். பக்கத்தில் மரம் இருந்தால் அதன்மேலும் தொற்றி ஏறும். இலைகள் எதிரெதிராக, இரண்டிரண்டாக வரும். 2 முதல் 4 அங்குல நீளம், ஓரத்தில் வெட்டு இருக்காது, மேற்புறம் பளபளப்பு. பூ வெள்ளை. மெல்லிய நீண்ட குழல், அதன் முனையில் ஐந்து இதழ், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் செவ்வூதா நிற மகரந்தத் தாள்கள். பெரும்பாலும் மூன்று மூன்று பூக்களாகக் கொத்தில் இருக்கும்.

இதன் சொந்த இடம் கழிமுகமும் கடற்கரையும். பிச்சாவரம் சதுப்புக் காட்டின் ஓரங்களில் தானாக வளர்ந்து கிடக்கிறது. காய் தக்கை போல இலேசானது, கடல் நீரில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கும். இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரை வரைக்கும், பசிபிக் தீவுகள் வரைக்கும் இது பரவியிருப்பதற்கு அந்தக் காய்தான் காரணம்.

நர்சரியில் சங்கங்குப்பி என்று கேட்டால் விழிக்கிறார்களே?

நர்சரிக்காரர்கள் இதை "இனெர்மி" என்பார்கள். கிளெரோடென்ட்ரம் இனெர்மி என்ற தாவரவியல் பெயரின் மிச்சம் அது. இப்போது தாவரவியலாளர்கள் வோல்கமேரியா இனெர்மிஸ் என்ற பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். நர்சரிக்கு அந்தச் செய்தி போய்ச் சேர இன்னும் சில காலம் ஆகும். நீங்கள் இனெர்மி என்றே கேளுங்கள்.

வாங்குமுன் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பாருங்கள். ஒரு மாதிரி கெட்ட வாடை வரவேண்டும். பீநாறி, பீச்சங்கு என்றெல்லாம் கிராமத்தில் பெயர் வைத்தது சும்மா இல்லை. கிள்ளிய இடத்தில் பால் வரக்கூடாது. பால் வந்தால் அது வேறு செடி. முள் இருந்தாலும் வேறு செடி: முட்சங்கு என்ற இன்னொரு கடலோரப் புதர் உண்டு, பெயர் ஒற்றுமையால் அதை எடுத்து நீட்டிவிடுவார்கள். சங்குப்பூக் கொடிக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது.

இந்த வாடை வீட்டுக்குள் வராதா?

வராது. இலையைக் கசக்கினால்தான் வாடை. வெட்டிவிடும் நாளில் கொஞ்ச நேரம் இருக்கும், அவ்வளவுதான்.

மற்ற செடி கருகும் இடத்தில் இது மட்டும் எப்படித் தாங்குகிறது?

முதலில் மற்றவை ஏன் கருகுகின்றன என்று பார்க்கலாம். அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய உப்புத் துளிகளைக் காற்று தூக்கிக்கொண்டு வருகிறது. இலைமேல் படிந்து தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் மிஞ்சுகிறது. அது இலையின் ஈரத்தை உறிஞ்சி, நுனியிலும் ஓரத்திலும் முதலில் பழுப்பாக்குகிறது. கடல் பார்த்த பக்கம் மட்டும் செடி மொட்டையாக இருந்தால் காரணம் இதுதான். பூச்சியும் இல்லை, உரக் குறைவும் இல்லை.

சங்கங்குப்பியின் இலை தடிப்பானது, மேலே மெழுகுப் பூச்சு உண்டு. உப்பு ஒட்டினாலும் உள்ளே சுலபமாக இறங்காது. வேரும் உவர் நீரில் பழகியது. நல்ல தண்ணீருக்கும் இது நன்றாகவே வளரும். உப்பு இருந்தால்தான் வளரும் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு.

என் வீடு கடலிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எனக்கு இது தேவையா?

உங்கள் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். பெயின்ட் அடித்து இரண்டு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்து உரிகிறதென்றால் உப்புக் காற்று உங்கள் வீடு வரை வருகிறது. அப்புறம் போர் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் உப்பு இல்லையென்றால் உங்களுக்குத் தேர்வு நிறைய: இட்லிப்பூ, மருதாணி, செம்பருத்தி என்று பூக்கும் வேலியே வைக்கலாம். சங்கங்குப்பியின் அழகு அதன் இலை மட்டும்தான், அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நடுவதற்கு எது நல்ல சமயம்?

சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. செடி அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். ஆகவே ஆடி பிறந்ததிலிருந்து புரட்டாசி பாதி வரைக்குமான காலம்தான் பொருத்தம். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது வேலிக்கும் சரிதான். மாலை மழை இருக்கும், வெயில் தணிந்திருக்கும், பெருமழை வருவதற்குள் இரண்டு மாத அவகாசம் கிடைக்கும்.

அது தவறினால் தை மாதம். சித்திரையில் நடாதீர்கள். கத்திரி வெயிலில் நட்ட செடியைக் காப்பாற்ற இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

செடி வாங்காமல் குச்சி வைத்தே வளர்க்கலாமா?

வளர்க்கலாம், நீளமான வேலிக்கு அதுதான் கட்டுப்படியாகும். தெரிந்தவர் வீட்டில் வேலி வெட்டும் நாளில் போய் நின்றால் ஒரு சாக்கு நிறையக் கிடைக்கும்.

கொழுந்தும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். பென்சில் தடிமனில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய குச்சியாக எடுத்து 6 முதல் 8 அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு கணு இருக்கட்டும். அடியில் கணுவுக்குக் கீழே சாய்வாகவும், மேலே நேராகவும் வெட்டினால் எது தலை எது கால் என்ற குழப்பம் வராது. உச்சியில் இரண்டு இலையை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுங்கள். ஆற்று மணலும் மட்கிய உரமும் சரிபாதி கலந்த கறுப்புப் பை போதும். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நான்கு வாரத்தில் வேர் விட்டுவிடும். சரி, வேர் விட்டதா என்று பார்க்கத் தினமும் பிடுங்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் வருவதில்லை. பையின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்வரை பொறுங்கள்.

தரையைத் தொடும் கிளை அங்கேயே வேர் விடும் பழக்கமும் இதற்கு உண்டு. ஆகவே பதியன் போடுவதும் சுலபம்.

எங்கள் மனையில் மண்ணே இல்லை, எல்லாம் ரப்பிஷ். என்ன செய்வது?

சென்னையில் புது வீடுகளின் பக்கவாட்டில் இருப்பது பெரும்பாலும் இதுதான்: உடைந்த செங்கல், சிமென்ட் கட்டி, டைல்ஸ் துண்டு, மேலே கண்துடைப்பாக ஒரு அங்குலம் செம்மண். சிமென்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிடும். அதில் செடி சாகாது, ஆனால் மஞ்சளாகவே நிற்கும். வேலி வரப்போகும் வரி முழுக்க ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் கால்வாய் போலத் தோண்டி, இருப்பதை வெளியேற்றிவிட்டு, மணலும் செம்மண்ணும் மட்கிய சாணமும் கலந்து நிரப்புங்கள். ஒரு நாள் ஆள் கூலி. இந்தச் செலவைத் தவிர்த்துவிட்டு அப்புறம் உரத்துக்குச் செலவு செய்வது வீண்.

நல்ல கடல் மணலாக இருந்தால் அவ்வளவு வேலை இல்லை. குழிக்கு ஒரு கூடை மட்கிய உரம், இரண்டு கைப்பிடி தேங்காய் நார்க் கழிவு, அவ்வளவு போதும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணில் நிற்பவர்கள் அரை அடி உயரத்துக்கு வரப்பு போட்டு அதன்மேல் நடுங்கள். வளர்ந்த செடி சில நாள் தேங்கும் தண்ணீரைத் தாங்கும். இளங்குச்சி அழுகிவிடும்.

எவ்வளவு இடைவெளி விடவேண்டும்?

வேலிக்கு ஒன்றரை அடிக்கு ஒரு செடி. 30 அடி நீளச் சுவருக்கு 20 செடி போதும். அவசரப்பட்டு முக்கால் அடிக்கு ஒன்று வைத்தால் இரண்டு வருடத்தில் ஒன்றை ஒன்று நெருக்கி உள்ளே காய்ந்துபோகும். தனிப் புதராக ஒரு மூலையில் நிறுத்த ஆசைப்பட்டால் அதற்கு 6 அடிக்கு 6 அடி ஒதுக்கிவிடுங்கள்.

காம்பவுண்ட் சுவரிலிருந்து 2 அடியாவது தள்ளி நடுங்கள். சுவருக்கும் செடிக்கும் நடுவில் ஆள் நுழைந்து வெட்ட முடியாவிட்டால் பின்பக்கம் காடாகிவிடும். பக்கவாட்டில் மொத்தமே 5 அடிதான் இடம் இருக்கிறது, நடக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு இந்தச் செடி அவ்வளவு பொருத்தம் இல்லை என்பது என் கருத்து.

எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர்?

முதல் மூன்று மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மழை பெய்த நாள் தவிர. முதல் கோடையில் வாரம் இரண்டு முறை நன்றாக, அடிவரை நனையும்படி. இரண்டாவது கோடைக்கு வாரம் ஒன்று. அதற்குப் பிறகு இலை தொங்கினால் மட்டும் ஊற்றினால் போதும். அடியில் தென்னை மட்டையோ காய்ந்த இலையோ மூடாக்காகப் போட்டால் அதுவும் குறையும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது மணல் தரையில் மிகப் பெரிய தவறு. வேர் மேலாகவே நின்றுவிடும், உப்பும் மேல் மண்ணிலேயே சேரும்.

போர் தண்ணீர் உப்பு. ஆர்.ஓ. கழிவு நீர், ஏ.சி. தண்ணீர், வாஷிங் மெஷின் தண்ணீர் எதையெல்லாம் ஊற்றலாம்?

கோடை வந்தால் சென்னையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கடல் நீரில் சுமார் 35,000. கடலோரத்துப் போர்களில் 2,000-ஐத் தாண்டுவது புதிதில்லை. அந்தத் தண்ணீரில் மல்லியும் ரோஜாவும் இலை கருகும். வேர் பிடித்த சங்கங்குப்பி அதைச் சமாளித்துவிடும். ஆனால் பையில் இருக்கும் கன்றுக்கும், நட்டு மூன்று மாதம் ஆகாத செடிக்கும் மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ கொடுங்கள்.

ஆர்.ஓ. கழிவு நீருக்குக் கணக்கு இப்படி: இயந்திரத்துக்குள் போவது 1,500 உள்ள தண்ணீர், 4 லிட்டர் உள்ளே போனால் 1 லிட்டர் நல்ல தண்ணீர், 3 லிட்டர் கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு முழுக்க அந்த 3 லிட்டரில் சேர்கிறது. ஆக, கழிவு நீரின் அளவு 2,000-க்குப் பக்கம். பயப்படும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. மணல் தரையில் வளர்ந்த வேலிக்குத் தாராளமாக ஊற்றலாம், வடகிழக்குப் பருவமழை வருடத்துக்கு ஒருமுறை உப்பைக் கழுவிக் கீழே தள்ளிவிடும். களிமண்ணில் அந்த வசதி இல்லை, அங்கே நல்ல தண்ணீரோடு மாற்றி மாற்றி ஊற்றுங்கள்.

ஏ.சி. யிலிருந்து சொட்டுவதில் உப்பே கிடையாது, காற்றிலிருந்து வடிந்த தண்ணீர். குழாயை ஒரு வாளியில் விட்டுச் சேர்த்து வையுங்கள், கன்றுகளுக்கும் தொட்டிகளுக்கும் அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது. வாஷிங் மெஷினில் முதல் சோப்புத் தண்ணீரை விட்டுவிட்டு, அலசும் தண்ணீரை மட்டும் எடுக்கலாம். வாட்டர் சாஃப்ட்னர் கழுவி வெளியே விடும் தண்ணீர் மட்டும் எந்தச் செடிக்கும் ஆகாது. அது சமையல் உப்புக் கரைசல்தான்.

கவாத்து எப்படி? எவ்வளவு அடிக்கடி?

சங்கங்குப்பிக்குத் தண்ணீரைவிட, உரத்தைவிட, கத்தரிதான் முக்கியம். செடி பிழைக்குமா என்ற கவலையே வேண்டாம். வேலி வேலியாக இருக்குமா என்பதுதான் கவலை, அதை முடிவு செய்வது முதல் வருடம்.

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: நட்டதும் சீக்கிரம் உயரட்டும் என்று விட்டுவிடுவார்கள். 5 அடி வந்ததும் மேலே ஒரு வெட்டு. உச்சியில் மட்டும் குடைபோலப் பச்சை, கீழே முழங்கால் வரைக்கும் வெறும் குச்சி, அதன் வழியாகத் தெருவில் போகிற ஆட்டோ தெரியும். பிறகு என்ன உரம் போட்டாலும் அந்தக் கீழ்ப்பகுதி நிரம்பாது.

சரியான முறையில், செடி ஒன்றரை அடி வந்ததும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஓர் அடிக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டிய இடத்துக்குக் கீழே ஒவ்வொரு கணுவிலும் இரண்டு தளிர் கிளம்பும், இலை எதிரெதிராக இருப்பதால் இரண்டு பக்கமும் சமமாக வரும். அவை அரை அடி வளர்ந்ததும் அவற்றின் நீளத்தில் பாதியை மறுபடியும் வெட்டுங்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கீழிருந்தே அடர்ந்துகொண்டு வரும். இப்படி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உயரம் ஏறவேண்டும். 4 அடி வேலிக்கு ஒன்றரை வருடம் ஆகும். ஆகட்டும்.

இரண்டாவது, வடிவம். அடி அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கவேண்டும்: அடியில் 2 அடி என்றால் உச்சியில் ஒன்றரை. மேலே அகலமாகிவிட்டால் கீழ் இலைகளுக்கு வெயில் விழாது, விழாத இடத்தில் இலை உதிரும். தோட்டக்காரர்கள் நின்ற வாக்கில் வெட்டும்போது கை தானாக உச்சியை அகலமாக விட்டுவிடும். இரண்டு முனையிலும் குச்சி நட்டு நூல் கட்டிக் கொடுத்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை.

ஆடியிலிருந்து மார்கழி வரை வளர்ச்சி வேகமாக இருக்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கத்தரி பிடிக்கவேண்டும். கோடையில் ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனி தட்டினால் போதும். சித்திரை, வைகாசியில் ஆழமாக வெட்டாதீர்கள், உள்ளே நிழலில் இருந்த தண்டு திடீரென்று வெயில் பட்டுக் கருகும். மாதம் ஒருமுறை இதற்கு நேரமோ ஆளோ கிடையாது என்றால் இந்தச் செடியை வைக்காதீர்கள். கவனிக்காத சங்கங்குப்பி இரண்டே மழைக்காலத்தில் நடைபாதையை விழுங்கிவிடும்.

ஏற்கெனவே அடி மொட்டையாகிவிட்டது. வேறு செடிதான் வைக்கவேண்டுமா?

வேண்டாம். ஆடியில் ஒரு மழை விழுந்ததும், தரையிலிருந்து ஓர் அடி விட்டு எல்லாவற்றையும் வெட்டித் தள்ளுங்கள். பார்க்கப் பரிதாபமாக இருக்கும், பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கட்டையிலிருந்தே புதிதாகத் தளிர் வரும். ஒரே நேரத்தில் மறைப்பு போய்விடுமே என்பவர்கள் இந்த வருடம் உள்பக்கம், அடுத்த வருடம் தெருப்பக்கம் என்று பிரித்துச் செய்யலாம். வெட்டியதும் மண்புழு உரம் போட்டுத் தண்ணீர் விடுங்கள்.

எங்கள் வேலி பூக்கவே இல்லையே?

பூ புதுக் கிளையின் நுனிப்பகுதியில் வருகிறது. நுனியைத்தான் நீங்கள் மாதாமாதம் வெட்டுகிறீர்கள். பூ வேண்டுமென்றால் ஒரு மூலையில் இரண்டு செடியை வெட்டாமல் விடுங்கள். வெள்ளைப் பூ, நீளக் குழல் என்றால் அது அந்திப் பூச்சிகளுக்கானது. பொழுது சாய்ந்த பிறகு போய் நின்று பார்த்தால், பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை உள்ளே விடும் பருத்த அந்துப்பூச்சிகள் வரும். பகலில் பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் வரும்.

வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. எறும்பும் ஊர்கிறது.

மாவுப்பூச்சி. எறும்பு அதன் தேன்கழிவுக்காக வருகிறது, வந்ததோடு நில்லாமல் மாவுப்பூச்சியைத் தின்ன வரும் மற்ற பூச்சிகளை விரட்டியும் விடுகிறது. முதலில் அதிகம் பிடித்த கிளையை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மீதிக்கு ஹோஸ் பைப்பில் வேகமாகத் தண்ணீர் அடியுங்கள், இலையின் அடிப்பக்கமும் படும்படி. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல், நன்றாகக் கலக்கி மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

கடுமையான பூச்சிமருந்து வேண்டாம் என்பேன். 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து தமிழ்நாடு முழுக்கப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று நாசம் செய்தபோது எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. 2010-இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. நல்ல பூச்சியையும் சேர்த்துக் கொல்லும் மருந்தை அடித்தால் அடுத்த முறை இன்னும் மோசமாகத்தான் வரும்.

கடற்கரை ஓர வேலிகளில் இன்னொரு தொல்லை கொத்தான். இலையில்லாமல் மஞ்சளும் பச்சையுமாக நூடுல்ஸ் போல மேலே படரும் ஒட்டுண்ணிக் கொடி. ஒரு துண்டு விடாமல் கையால் பிரித்தெடுக்கவேண்டும், அது சுற்றிய கிளையோடு சேர்த்து வெட்டுவதே நல்லது.

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது?

புதுத் தளிரில் அப்படி இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும் கிளிஞ்சல் கலந்த மணலிலும் சிமென்ட் ரப்பிஷிலும் அது வேருக்குக் கிடைக்காது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் இரண்டு வாரத்தில் தேறும். சுவரிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை போகாது, ஜாக்கிரதை. நிரந்தர வழி மட்கிய உரம்தான், வருடம் இரண்டு முறை. பழைய இலை முழுசாக மஞ்சளாகி உதிர்வது இயல்பு.

அடர்ந்த வேலி வைத்தால் பாம்பு வருமே? கொசு?

பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலி குப்பையைத் தேடி வருகிறது. வேலிக்கடியில் பழைய டைல்ஸ், செங்கல், தேங்காய் மட்டைக் குவியல் வைக்காமல், தரைக்கும் கீழ்க்கிளைக்கும் நடுவே நாலு அங்குலம் வெளிச்சம் தெரியும்படி வைத்துக்கொண்டால் போதும். மூடாக்கையும் மெல்லிசாகவே போடுங்கள். வருவது பெரும்பாலும் சாரைப்பாம்பு, விஷமில்லாதது. அடிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கொசுவுக்கும் இந்தச் செடிக்கும் சம்பந்தமில்லை, தண்ணீர் தேங்கும் குழிவு எதுவும் இதன் இலையில் கிடையாது.

ஆடு மாடு கடிக்குமா? குழந்தைகள் வாயில் வைத்தால்?

இலை கடும் கசப்பு, கால்நடைகள் பொதுவாக வாய் வைப்பதில்லை. வேலிக்கு இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். காய் தின்பதற்கானது இல்லை என்று குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். சித்த மருத்துவத்தில் சங்கங்குப்பி இலைக்கு இடம் உண்டு என்பது உண்மைதான். அதற்காக வேலியிலிருந்து பறித்துக் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

வேர் சுவரையும் சம்ப்பையும் பிளக்குமா?

அரசு, ஆல் போலக் கட்டடத்தைப் பிளக்கும் வேர் இதற்கு இல்லை. 2 அடி தள்ளி நடுங்கள் என்று சொன்னதே போதும். செப்டிக் டேங்க் மூடியின்மேல் மட்டும் எதையும் நடாதீர்கள்.

பால்கனியில், மாடியில் தொட்டியில் வைக்கலாமா?

வைக்கலாம். கடல் பார்த்த ஏழாவது மாடிப் பால்கனியில் காற்றைத் தடுத்து மற்ற தொட்டிகளைக் காப்பாற்ற இதைவிட நல்ல செடி எனக்குத் தெரியாது. 18 அங்குலத் தொட்டி வேண்டும், அடித்துளை பெரிதாக இருக்கவேண்டும். தொட்டி மண்ணிலிருந்து உப்பு தானாகப் போக வழியில்லை என்பதால் இங்கே ஆர்.ஓ. கழிவு நீர் கூடாது. மாதம் ஒருமுறை அடித்துளை வழியே ஓடும்வரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

புயல் அடித்தால்?

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையில் சாய்த்தது பெரும்பாலும் கிளை அகன்ற பெரிய மரங்களை. இடுப்பளவு வேலி காற்றுக்கு வளைந்து கொடுத்துவிடும். புரட்டாசிக் கடைசியில் உயரத்தைக் குறைத்து வைத்துவிட்டால் இன்னும் நல்லது. புயலுக்குப் பிறகு மழையில்லாமல் வெயில் அடித்தால் இலை பழுப்பாகும், ஏனென்றால் அன்றைய காற்றில் உப்பு பல மடங்கு. மறுநாளே ஹோஸ் பைப்பால் நல்ல தண்ணீரில் வேலி முழுக்கக் குளிப்பாட்டுங்கள். பழுத்த இலையைப் பார்த்துச் செடி செத்ததென்று பிடுங்காதீர்கள், ஒரு மாதத்தில் துளிர்க்கும்.

கோனோகார்பஸ் வேகமாக வளர்கிறதே, அதை வைக்கலாமே?

வேண்டாம். குஜராத் 2023-இல் தடை செய்தது, தமிழ்நாடு அரசும் 2025 தொடக்கத்தில் அதை நடுவதற்குத் தடை விதித்தது. அதன் வேர் குழாய்களுக்குள் புகும், மகரந்தம் ஒவ்வாமை தரும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். அரளி உப்பைத் தாங்கும், பூவும் நிறைய, ஆனால் வேரிலிருந்து பூ வரை விஷம். குழந்தையோ நாய்க்குட்டியோ இருக்கும் வீட்டில் நான் வைக்கமாட்டேன். தாழை அழகுதான், மனை ஒரு கிரவுண்டுக்கு மேல் இருந்து, முள்ளைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால்.

இடம் இருப்பவர்கள் கடற்கரையே செய்து வைத்திருக்கும் வரிசையைப் பின்பற்றலாம். முன்னால் தரையோடு அடம்புக்கொடி, அடுத்து சங்கங்குப்பி, அதன் காற்று மறைவில் புன்னை, பூவரசு. நெய்தல் நிலத்துக்குச் சங்கப் பாடல்கள் சொல்லும் புன்னையும் தாழையும் அடும்பும் இன்றும் இதே மணலில்தான் நிற்கின்றன. மயிலை கபாலீசுவரர் கோயிலின் தல மரமும் புன்னைதான். புன்னை மெதுவாக வளரும். முதல் நாலைந்து வருடம் அதற்குக் காற்று மறைப்பு தேவை, அந்த வேலையைச் சங்கங்குப்பி செய்துவிடும்.

பிறகு வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துவிட முடியுமா?

முடியும், கொஞ்சம் மெனக்கெட வேண்டும். மேலே வெட்டினால் போகாது, கட்டையிலிருந்து துளிர்க்கும். மழைக்காலத்தில் மண் இளகியிருக்கும்போது அடிக்கட்டையைச் சுற்றிக் கடப்பாரையால் நெம்பி வேரோடு எடுக்கவேண்டும். தரையில் படிந்து தனியாக வேர் விட்ட கிளைகளையும் தேடி எடுங்கள். வெட்டிய குச்சிகளை ஈர மண்ணில் குவித்து வைக்காதீர்கள், அங்கேயே முளைத்துவிடும். சிமென்ட் தரையில் பரப்பி இரண்டு மூன்று வாரம் வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு உரக்குழியில் போடலாம்.